வீடு இன்னொரு பள்ளிக்கூடம் அன்று



ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளை என்னைப் பேச அழைத்திருக்கிறது. கல்வி தொடர்பாக எதைப் பற்றியும் பேசலாம் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போக முடியாமல் திணறும் பதின்பருவப் பிள்ளைகளையும், அவர்களை வளர்க்கும் வீடுகளையும் பற்றிப் பேச விரும்பினேன். ஆட்டிசம், கவனச் சிரமமும் துறுதுறுப்புமான ஏ.டி.எச்.டி., வாசிப்புச் சிரமமான டிஸ்லெக்சியா, கணக்கில் மட்டும் வருகிற கற்றல் சிரமம் என்று மருத்துவம் இந்தத் திணறலுக்குப் பல பெயர்கள் வைத்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் மூளை மற்றவர்களுக்கு இயங்குவதைப்போல இயங்குவதில்லை. பள்ளியோ மற்றவர்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்டிருக்கிறது. நான் சிறப்புக் கல்வி ஆசிரியர். என்னை இந்தப் படிப்புக்கு இழுத்து வந்தவன் என் மகன். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. இரண்டும் அவனுக்கு உண்டு.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பிள்ளை இருக்கும் வீடு மெல்ல மெல்ல இன்னொரு பள்ளிக்கூடமாகிவிடுகிறது. மாலை முழுவதும் வீட்டுப்பாடம், டியூஷன், டைரியில் கையெழுத்து, அதையொட்டிய சண்டை என்றே போகிறது. பிள்ளைக்கு இளைப்பாற இடமில்லாமல் போகிறது. பெற்றோருக்குப் பெற்றோராக இருக்க நேரமில்லாமல் போகிறது. இந்த நிலை மாற வேண்டும். அதைப் பெற்றோர் மட்டும் மாற்றிவிட முடியாது. ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அமர்ந்திருக்கும் இந்த அவையில் இதைப் பேசுவது அதனால்தான்.

பெர்சி என்ற மாணவன்

1896 நவம்பரில் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் வருபவன் பெர்சி என்ற 14 வயது மாணவன். கண்பார்வையில் குறையில்லை. விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனில்லை. எண்களைப் படித்துவிடுவான், கணக்கும் போடுவான். எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லைப் படிப்பது மட்டும், பல ஆண்டுகள் கற்பித்தும் அவனுக்கு வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. மார்கன் அதையும் தம் கட்டுரையில் பதிவு செய்தார்.

வாசிப்புச் சிரமத்தைப் பற்றிய தொடக்கக்கால மருத்துவப் பதிவுகளில் ஒன்று இது. அது ஒரு பதின்பருவப் பிள்ளையைப் பற்றியது என்பதும், அவனுக்கு எது உதவும் என்று முதலில் சொன்னவர் அவனுடைய ஆசிரியர் என்பதும் என் மனத்தில் நிற்கின்றன. அவர் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. பாடம் அவனுக்குப் போய்ச் சேரும் வழியை யோசித்தார். 125 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் நம் வகுப்பறைகளில் பெர்சிகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் அது அழிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டிசத்தின் வரலாறும் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குகிறது. 1925இல் சோவியத் நாட்டு மருத்துவர் குரூன்யா சுகரெவா ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் மதிப்பீடு செய்யப்பட்ட பிள்ளைகள் பலருக்கு ஒரு பெயர் மட்டுமே கிடைத்தது. மற்றது அடம், சோம்பல், திமிர் என்ற கணக்கில் போனது. சிறுவயதில் எடுத்த ஓர் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பதினைந்து வயதுப் பிள்ளையைப் புரிந்துகொள்ள முயலும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். மறுபடி ஒருமுறை மதிப்பீடு செய்யுங்கள் என்பதே அவர்களுக்கு நான் முதலில் சொல்வது.

பதின்மூன்றுக்குப் பிறகு

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை. அவருக்குப் பிள்ளையைத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோட்டு, அசைன்மென்ட், ரெக்கார்டு, செய்முறை. எதை எப்போது தொடங்குவது, எதை முதலில் முடிப்பது, எதை எங்கே வைத்தோம் என்று நிர்வகிக்கும் திறன் திடீரென்று தேவைப்படுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு முதிர்ச்சி தாமதமாவது இந்தத் திறனில்தான். இந்தத் திறனைக் கையாளும் மூளையின் முன்பகுதி யாருக்கும் இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பின்தங்கி வளர்கிறது. ஓடியாடும் துறுதுறுப்பு இந்த வயதில் குறைந்துவிடுவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பள்ளி நினைக்கிறது. கவனச் சிரமம் அப்படியே உள்ளே இருக்கிறது.

தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தோல்வி என்று நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்பு வரும்வரை ஒரு பிள்ளையின் வாசிப்புச் சிரமத்தை யாருமே கவனிக்காமல் இருந்துவிடவும் அது இடம் தந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிய கவலை தொடங்கும்போதுதான் பெற்றோரைப் பள்ளிக்கு அழைக்கிறார்கள்.

தூக்கமும் மாறுகிறது. பருவமடையும்போது தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ இருந்தால் தூக்கம் இன்னும் தாமதமாக வருவது சாதாரணம். இரவு பன்னிரண்டுக்குத் தூங்கியவனை அதிகாலைச் சிறப்பு வகுப்புக்காக ஐந்து மணிக்கு எழுப்புகிறோம். பாதித் தூக்கத்தில் எழுந்து வரும் பிள்ளையிடம் கவனம் இல்லை என்று புகார் வருகிறது.

பெண் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பலர் மற்ற மாணவிகளைக் கூர்ந்து பார்த்து, அவர்களைப்போலவே சிரிக்கவும் பேசவும் கற்றுக்கொள்கிறார்கள். அடக்கமான பெண் என்று பெயர் வாங்குகிறார்கள். அந்த முயற்சியில் அவர்களுடைய சக்தியெல்லாம் கரைகிறது; அந்தக் களைப்பு பதின்பருவத்தில் பதற்றமும் மனச்சோர்வுமாக வெளிப்படுகிறது. அதுவரை யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

ஒரு நாள்

இத்தகைய வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

காலையில் சாக்ஸின் தையல் விரலில் உறுத்துகிறது. சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டியெடுத்தால்தான் போட முடியும். இட்லி என்றால் நேற்றைப்போலவே இருக்க வேண்டும். சட்னியின் நிறம் மாறினால் தட்டு அப்படியே இருக்கும். "சீக்கிரம் கிளம்பு" என்ற சொல் இந்தப் பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. பல் தேய்ப்பது, குளிப்பது, உடுத்துவது, பையை எடுப்பது என்று ஒவ்வொன்றாக எழுதிச் சுவரில் ஒட்டினால் அதைப் பார்த்துச் செய்கிறான். பத்து முறை கத்துவதைவிட அந்தத் தாள் அதிகம் வேலை செய்கிறது.

பள்ளியில் மணி, மைக், மின்விசிறியின் கடகடப்பு, ஐம்பது பேரின் பேச்சு எல்லாம் ஒரே அளவில் காதில் விழுகின்றன. எதைக் கேட்பது, எதை விடுவது என்று மற்றவர்களுக்குத் தானாக நடக்கும் தேர்வு இவர்களுக்குத் தானாக நடப்பதில்லை. கேலியா விளையாட்டா என்று பிரித்தறிய வேண்டும். ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் பார்க்க வேண்டும். பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறாது. இத்தனையையும் மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது அந்த அடக்கம் உடைகிறது. பை பறக்கிறது, கதவு அறைகிறது, அழுகை வருகிறது. "ஸ்கூல்ல நல்லாத்தான் இருக்கான், வீட்லதான் இப்படி, நீங்க செல்லம் கொடுத்துட்டீங்க" என்று ஆசிரியர் சொல்கிறார். அம்மா தலைகுனிகிறார். பள்ளியில் நல்லபடியாக இருப்பதற்கு அந்தப் பிள்ளை கொடுத்த விலைதான் வீட்டில் தெரிகிறது. பாதுகாப்பான இடம் என்று நம்பும் இடத்தில்தான் யாரும் உடைவார்கள்.

அடத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அடம் பிடிக்கும் பிள்ளை நம்மைப் பார்த்துக்கொண்டே அழும். கேட்டது கிடைத்தால் நிற்கும். இந்தக் கொந்தளிப்பில் பிள்ளைக்குத் தன்மேலேயே பிடி இல்லை. எதைக் கொடுத்தாலும் நிற்காது. அப்போது அறிவுரை கூடாது, கேள்வி கூடாது, தண்டனை கூடாது. விளக்கைக் குறைத்து, சத்தத்தைக் குறைத்து, தம்பி தங்கையை அப்பால் அழைத்துப்போய், அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே வழி. பேச வேண்டியதை மறுநாள் பேசலாம்.

பள்ளிவிட்டு வந்த பிறகு ஒரு மணி நேரமாவது எந்தக் கேள்வியும் இல்லாத நேரம் வேண்டும். "டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். சாப்பிடட்டும், படுக்கட்டும், தனக்குப் பிடித்ததில் மூழ்கட்டும். பேருந்துத் தட எண்கள், ரயில் எஞ்சின்கள், கிரிக்கெட் புள்ளிவிவரம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று இருக்கும். மார்க் குறைந்ததற்குத் தண்டனையாக முதலில் பறிக்கப்படுவது அதுதான். நாள் முழுவதும் இழந்த நிதானத்தை அந்தப் பிள்ளை மீட்டுக்கொள்ளும் வழி அது. அதைப் பறித்தால் படிப்பும் வராது.

"நான் போக மாட்டேன்"

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வயிற்றுவலி தொடங்குகிறது. திங்கள் காலையில் வாந்தி. மருத்துவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். நடிப்பு என்று வீடு முடிவு செய்கிறது. அந்த வலி உண்மையானது. பதற்றம் உடம்பில் வலியாகவே வரும்.

இப்படி ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்தினால், எது தடுக்கிறது என்று தேட வேண்டும். கேலியா, குறிப்பிட்ட ஒரு பாடமா, கழிப்பறையா, வேன் பயணமா, சத்தமாகப் படிக்கச் சொல்லி எழுப்பிவிடும் வகுப்பா? நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வகுப்பு அட்டவணையைக் கொடுத்து, கஷ்டமான பீரியடுகளைச் சிவப்பிலும் தாங்கக்கூடியவற்றைப் பச்சையிலும் குறிக்கச் சொன்னால் விடை தாளில் கிடைக்கும். பிறகு தடையை நீக்கி, பச்சைப் பீரியடுகளுக்கு மட்டும் முதலில் அனுப்பிப் படிப்படியாகக் கூட்டலாம். கையைப் பிடித்து இழுத்துப்போய் விடுவது பயத்தைப் பெருக்குகிறது. எந்தத் திட்டமும் இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் விட்டுவிடுவது திரும்பும் வழியை அடைக்கிறது. இடைப்பட்ட பாதைக்குப் பள்ளியின் ஒத்துழைப்பு வேண்டும். அது கிடைக்காமல்தான் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

நம் எழுத்தும் இந்தப் பிள்ளைகளும்

தமிழ் எழுதுவதைப்போலவே படிக்கும் மொழி. ஆகவே டிஸ்லெக்சியா ஆங்கிலத்தில் மட்டும்தான் வரும் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழில் ஒலிக்கும் எழுத்துக்கும் உறவு நேரானது என்பது உண்மை. ஆனாலும் சிரமம் வேறு இடங்களில் வருகிறது. 'கெ' என்று எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். ஒலிக்கும்போது அது மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் ஒரே உயிரொலி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ன, ண, ந மூன்றையும் ல, ள, ழ மூன்றையும் பலர் பேச்சில் வேறுபடுத்துவதில்லை. எழுத்தில் கட்டாயம் வேறுபடுத்த வேண்டும். வீட்டில் பேசும் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு. இவற்றோடு நெடுந்தொடர்களும் புணர்ச்சியால் நீண்ட சொற்களும் சேரும்போது, பெர்சியைப் போன்ற பிள்ளை தமிழ்ப் பாடத்திலும் திணறுகிறது. வாசிப்பு தாமதமாக இருப்பது அறிவுக்குறைவின் அடையாளம் ஆகாது. அதே பாடத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டுப் பாருங்கள், தெரியும்.

சட்டம் தருவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளின் பட்டியல் இதில் 21 ஆனது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அதில் இடம்பெற்றன. ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை, அது மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு இன்றும் சலுகை எளிதில் கிடைப்பதில்லை. இந்தக் குறை நீங்க வேண்டும்.

சட்டத்தின் 17ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயது முதல் வழங்கச் சொன்னது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு வேண்டும் என்றும் அது சொன்னது. பதினான்கு என்பது ஒன்பதாம் வகுப்பு. பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்கு முன் அதை முடித்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் வாங்கப் பெற்றோர் தயங்குவது எனக்குத் தெரியும். "முத்திரை குத்திடுவாங்களே, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா?" என்று கேட்கிறார்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கும் முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டுவிட்டது. மக்கு, சோம்பேறி, உருப்படாதது என்ற முத்திரைகளைவிட இந்தத் தாள் எவ்வளவோ மேல்.

மாநிலப் பாடத்திட்டம் சுமையாக இருந்தால் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேரலாம். ஐந்து பாடங்கள்; அவற்றில் ஒரு மொழி போதும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை; ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒன்றிரண்டு பாடங்களாக எழுதி முடிக்கலாம். பதற்றத்தால் பள்ளியை விட்டு நின்ற பல பிள்ளைகள் இந்த வழியில் மூச்சுவிட்டிருக்கிறார்கள். வாசிப்புக்கு உதவி தேடுவோருக்குச் சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இயங்குகிறது. அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பெற வேண்டும்.

பெற்றோர்

இந்த வீடுகளில் வேலையை விடுபவர் பெரும்பாலும் அம்மா. தெரபி கட்டணத்துக்காகக் கூடுதல் நேரம் உழைப்பவர் பெரும்பாலும் அப்பா. ஒருவர் பிள்ளையோடு அதிகமாகவும் மற்றவர் குறைவாகவும் இருப்பதால் பிள்ளையைப் பற்றி இருவருக்கும் இரு கருத்துகள் உருவாகின்றன. "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று தாத்தா சொல்கிறார். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலேயே மார்க் விசாரணை நடக்கிறது. அதற்கு அஞ்சி எந்த விசேஷத்துக்கும் போகாமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. பல பிள்ளைகளுக்குக் கவனத்தை நிலைநிறுத்த உதவுகின்றன. சிலருக்குப் பசியும் தூக்கமும் குறைகின்றன. கொடுப்பதா வேண்டாமா என்பதை மனநல மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டாரின் பேச்சைக் கேட்டுத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஆட்டிசத்தை அடியோடு குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். பெற்றோரின் மனமும் களைத்துப்போகும். 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பேசுவதில் வெட்கமில்லை.

வீடு எதைக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டால், பள்ளி தராததை என்பேன். அரிசி களைந்து சாதம் வைப்பது, தனியாகப் பேருந்தில் போய்வருவது, கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, மாதவிடாய் நாள்களைத் தானே பார்த்துக்கொள்வது, முடியாதபோது "எனக்கு முடியல, உதவி வேணும்" என்று சொல்வது. பதினெட்டு வயதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இவை தேவைப்படும். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் போய் நிலைப்பதற்கு முதலில் வேண்டியது இந்த அன்றாடத் திறன்களே.

கேட்டுக்கொள்வது

தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளாததைப் போலவே மற்றவரும் அவரைப் புரிந்துகொள்வதில்லை; இடைவெளி இருபக்கமும் இருக்கிறது என்பது அது. இதுவரை ஒரு பக்கத்திலிருந்து, அதுவும் பிள்ளையின் பக்கத்திலிருந்து மட்டுமே, முயற்சியைக் கேட்டு வந்திருக்கிறோம். மறுபக்கத்தில் இருப்பவர்களிடம் சிலவற்றைக் கேட்டு முடிக்கிறேன்.

ஆசிரியர்களே, கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாத பிள்ளைக்கு அச்சிட்ட குறிப்பு கொடுங்கள். எழுத முடியாத விடையை வாயால் சொல்லக் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள். வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்குக்கு மூன்று போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்; நீங்கள் குறைக்கும் அந்த ஏழு கணக்குகள் ஒரு குடும்பத்தின் மாலை நேரத்தையே திருப்பித் தரும். அடிக்காதீர்கள், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது.

தலைமையாசிரியர்களே, தேர்வுச் சலுகைக்கான வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். தேர்ச்சி விழுக்காட்டுக்காக எந்தப் பிள்ளையிடமும் மாற்றுச் சான்றிதழைத் திணிக்காதீர்கள். பள்ளியில் ஓர் அமைதியான அறையை ஒதுக்குங்கள். பிள்ளை பத்து நிமிடம் அங்கே இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பட்டும்.

உற்றார் உறவினரே, மார்க்கைக் கேட்பதை விட்டு, இப்போது எதில் ஆர்வம் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை அரை மணி நேரம் உங்களோடு பேசும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு ஆசிரியர்கள் பலர் கிடைப்பார்கள். அம்மாவும் அப்பாவும் நீங்கள் மட்டும்தான். பாடம் நடத்துவதையும் தேர்வு வைப்பதையும் பள்ளியிடம் விடுங்கள். அதை இந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி செய்யச் சட்டப்படி பள்ளிக்குக் கடமை உண்டு. அந்தக் கடமையைக் கேட்டு வாங்க ஒருவர் தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஒரே பள்ளியில் இருக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, சட்டத்தின் நகலோடு போய் உட்கார்ந்தால் பேசத்தான் வேண்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் அப்படிச் சேர விரும்புகிறவர்கள் இங்கேயே இருங்கள், நானும் இருக்கிறேன். பேசுவோம்.